தாய்க்கோப்பும் சேய்க்கோப்பும்

திறன்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால், கிழமைப் பெயர்கள், மாதப் பெயர்கள், எண்களைப் பிரித்தெழுதும் முறை, பணக்குறி ஆகியவை தமிழ் வழக்கிற்கேற்ப மாறுகின்றன. தமிழர்கள் பல நாடுகளில் வாழ்வதால் இவ்வழக்குகள் நாட்டுக்கு நாடு சற்றே வேறுபடும். அவ்வாறெனில், ஒவ்வொரு நாட்டிற்கும் எல்லா விவரங்களையும் புதிதாக எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. ‘மரபுரிமை’ என்னும் முறை இப்பணியை எளிதாக்குகிறது.

உலக மொழிகள் பலவற்றின் இத்தகைய விவரங்களை யூனிகோட் கூட்டமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுக் களஞ்சியத்தில் பராமரித்து வருகிறது. அக்களஞ்சியத்தில் எல்லா மொழிகளுக்கும் அடிப்படையாக ஒரு வேர்க்கோப்பு உள்ளது. அடுத்த நிலையில் இருப்பது தமிழுக்குரிய தாய்க்கோப்பு. இது இந்திய வழக்கைப் பின்பற்றுகிறது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவற்றிற்குத் தனித்தனிச் சேய்க்கோப்புகள் உள்ளன.

செயலி ஒரு விவரத்தை முதலில் சேய்க்கோப்பில் தேடும். அங்கு இருந்தால் அதையே ஏற்கும். இல்லையெனில் தாய்க்கோப்பிலும், அதன்பின் வேர்க்கோப்பிலும் தேடும். எனவே, சேய்க்கோப்பில் வேறுபாடுகளை மட்டும் எழுதினால் போதும். கிழமைப் பெயர்களை மலேசியத் தமிழ் தாயிடமிருந்தே பெறுகிறது. ஆனால், தாய்க்கோப்பின்படி 12,50,000 என வரும் எண், மலேசியாவில் 1,250,000 என மாறுகிறது. ரிங்கிட்டுக்கு நாம் வழக்கமாக எழுதும் சுருக்கக்குறியும் சேய்க்கோப்பில்தான் உள்ளது.

மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவிகளும் இவ்வாறே இயங்குகின்றன. எடுத்துக்காட்டாக, என்.பி.எம். என்னும் கருவி, திட்டத்திற்குரிய அமைப்பு, பயனருக்குரிய அமைப்பு, கணினி முழுமைக்குமான அமைப்பு, தன்னுடன் வரும் அமைப்பு என நான்கு கோப்புகளைப் படிக்கிறது. இவற்றுள் முன்னது பின்னதை மேலாளும்.

இம்முறையால் உழைப்பு மிச்சமாகிறது. தாய்க்கோப்பில் செய்யும் ஒரு திருத்தம் எல்லாச் சேய்களுக்கும் சென்று சேரும். ஆனால், தாய்க்கோப்பில் பிழை நேர்ந்தால் அதுவும் அவ்வாறே பரவும்.

மேலும், மேலிருந்து வரும் வழக்கு எல்லா ஊர்களுக்கும் பொருந்துவதில்லை. களஞ்சியத்தில் வார ஓய்வுக்கான உலகப் பொது வழக்கு சனியும் ஞாயிறும் ஆகும். வேறுபடும் நாடுகள் மட்டுமே தனியே குறிக்கப்படுகின்றன. மாநில அளவில் இவ்விவரம் பிரிக்கப்படவில்லை. கெடா மாநிலத்தின் பண்டார் பாருவிலோ வெள்ளியும் சனியும் ஓய்வு நாள்கள். கிரியான் ஆற்றைக் கடந்து பேராக்கின் பாரிட் புந்தாருக்குச் சென்றால் சனியும் ஞாயிறும் ஓய்வு நாள்கள். ஒரே ஆற்றின் இரு கரைகளுக்கும் திறன்பேசி ஒரே விவரத்தைத்தான் பெறுகிறது. அதனால், பண்டார் பாரு மாணவர் தம் நாட்காட்டியின் அமைப்பைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. பயனர் செய்யும் அம்மாற்றமே எல்லாவற்றிற்கும் மேலான அடுக்காகும்.

களஞ்சியத்தின் மொழி விவரங்களுக்குத் தன்னார்வலர்களும் பங்களிக்கலாம். நம் வழக்கு எது என்பதை நாம் எழுதாவிட்டால், கணினி பிறர் வழக்கையே நமக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளும்.