நாய் உண்ணியும் குழந்தையின் காய்ச்சலும்

நாய் வளர்க்கிற வீடுகளில் உண்ணியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையானால் நாயைக் குளிப்பாட்டி, காது மடலிலும் விரல் இடுக்கிலும் தேடித் தேடிப் பிய்த்து, நகத்தால் நசுக்கிப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. "நீ எத்தனை, நான் எத்தனை" என்று கணக்கு வேறு!

வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் பெண், இதைப் பார்த்துப் பதறிப்போனாள். "நசுக்கறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க அத்தை. அதுக்குள்ள இருக்கற கிருமி, விரல்ல சின்னக் கீறல் இருந்தாலே உடம்புக்குள்ள போயிடும்" என்றாள். அப்புறம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டபோது, குழந்தை உள்ள எல்லாத் தாய்மாருக்கும் தெரிய வேண்டிய சமாசாரமாகப் பட்டது.

பழுப்பு நிற நாய் உண்ணி உலகமெங்கும் இருக்கிறது. காட்டில்தான் இருக்கும் என்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்! நாய்க்கு இது ரத்தத்தைக் கெடுக்கும் எர்லிக்கியா என்ற நோயைத் தருகிறது. மனிதருக்குத் தருவது ரிக்கெட்சியா கிருமியால் வரும் புள்ளிக் காய்ச்சல். நம் நாட்டிலும் அது உண்டு. (பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அது புதரில் இருக்கும் வேறொரு சின்னஞ்சிறு பூச்சியின் வேலை.)

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பழங்குடி மக்களின் ஊர்களில் 2002 முதல் 2011 வரை 200 பேருக்கு மேல் இந்த வகைக் காய்ச்சல் கண்டு, 15 பேர் இறந்து போனார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. காரணம், வாசலில் திரிந்த நாய்களின் உண்ணிதான். 2012-ல் ஓர் ஊரில் எல்லா நாய்களுக்கும் உண்ணி மருந்து ஊறிய கழுத்துப் பட்டை மாட்டி, வீட்டைச் சுற்றி மருந்தும் அடித்தார்கள். சில மாதங்களிலேயே, உண்ணியோடு இருந்த நாய் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. இந்த ஏற்பாடு செய்யாத பக்கத்து ஊரிலோ நூற்றுக்கு 64! நாயை விரட்டாமல், அடித்துக் கொல்லாமல் இதைச் செய்தார்களே என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தக் காய்ச்சலுக்கு மருந்து டாக்ஸிசைக்ளின். முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடப் போட ஆபத்து. ஆனால் "அந்த மாத்திரை குழந்தையின் பல்லைக் கறையாக்கும்" என்று பயப்படுகிறவர்கள் அநேகம். பழைய டெட்ராசைக்ளினால் வந்த பயம் அது. இதையும் அரிசோனாவிலேயே பார்த்திருக்கிறார்கள். எட்டு வயதுக்குள் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்ட 58 குழந்தைகளையும், சாப்பிடாத 213 குழந்தைகளையும், யார் எவர் என்று சொல்லாமலே பல் டாக்டர்களிடம் காட்டினார்கள். கறை ஒருவருக்கும் இல்லை என்று 2015-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. அதற்காக மருந்துக் கடையில் நாமே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பல்லை நினைத்துத் தயங்க வேண்டாம், அவ்வளவுதான்.

உண்ணியை எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மண்ணெண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. சாமணத்தால் தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுத்து, ஸ்பிரிட் உள்ள சிறு பாட்டிலில் போட்டுவிடுங்கள். பிறகு கையையும் கடித்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தையின் மேல் எடுத்திருந்தால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கி, உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளி வருவது இதன் அடையாளம். ஆனால் புள்ளி சில நாள் கழித்துத்தான் வரும், மாநிறக் குழந்தைகளுக்குச் சட்டென்று தெரியவும் தெரியாது. அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எத்தனை நாளாய்க் காய்ச்சல், வாந்தி உண்டா என்று டாக்டர் கேட்பார். வீட்டில் நாய் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பதில்லை. நாமே சொல்லிவிட வேண்டும். உண்ணி கடித்தால் வலிக்காது. அதனால் கண்ணில் படாவிட்டாலும் சொல்லுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனையின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியின் எச்சம் அதன் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். குட்டி கீறினால் அந்த வழியாகக் கிருமி போய், அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வருவதுண்டு. தெள்ளுக்கு மருந்து போடுங்கள். ஆனால் நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தை மட்டும் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.