குதிரைச் சக்தியும் கிலோவாட்டும்

நம் நாட்டில் பாசனப் பம்புசெட்டுகள் பலவற்றுக்கு மின்மீட்டர் கிடையாது. 1970-களிலும் 1980-களிலும் பல மாநிலங்கள் மோட்டாரின் குதிரைச் சக்தியை அடிப்படையாகக் கொண்டு ஒரே சீரான கட்டணம் விதிக்கத் தொடங்கின. மோட்டார் குதிரைச் சக்திக் கணக்கில் வாங்கப்படுகிறது. மின்சாரமோ கிலோவாட் கணக்கில் வழங்கப்படுகிறது. எனவே ஓர் அலகை மற்றோர் அலகாக மாற்றும் கணக்கு, மின்மானிய மதிப்பீட்டோடு தொடர்புடையதாகிறது.

திறன் என்பது ஒரு வினாடியில் செய்யப்படும் வேலையின் அளவாகும். குதிரைச் சக்தி என்ற அலகை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர் ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரத்தை வாங்க வருவோருக்குக் குதிரையோடு ஒப்பிட்டுக் காட்டினாலன்றி அதன் ஆற்றல் விளங்காது. நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு என்பது அவர் கொண்ட அளவு. நாள் முழுவதும் அவ்வாறு உழைக்கும் குதிரை அரிது. இது 746 வாட்டுக்குச் சமம். ஐரோப்பாவில் வழங்கிய மெட்ரிக் குதிரைச் சக்தியோ, 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன், அது 735.5 வாட். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை விழுக்காடே. நடைமுறையில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை.

பெரும் பிழை வேறிடத்தில் நேர்கிறது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள குதிரைச் சக்தி, அதன் சுழல்தண்டு வெளியே தரும் திறனாகும். மின்கம்பியிலிருந்து மோட்டார் பெறும் திறன் அன்று. 5 குதிரைச் சக்தியை 0.746-ஆல் பெருக்கினால் 3.73 கிலோவாட் கிடைக்கும். மோட்டாரின் பயனுறு திறன் 80 விழுக்காடு எனில், முழுப் பளுவில் அது இழுப்பது 4.66 கிலோவாட். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், முதற் கணக்கின்படி செலவு 22.4 யூனிட், உண்மைச் செலவு 28 யூனிட். இத்தகைய நூறு பம்புகள் உள்ள ஒரு மின்பாதையில் அன்றாடம் 560 யூனிட் கணக்கில் வராமற் போகும். அது மின்கம்பி இழப்பாகவோ திருட்டாகவோ பதிவேட்டில் இடம்பெறக்கூடும். (கிலோவாட் திறனின் அலகு, யூனிட், அதாவது கிலோவாட்-மணி, செலவான ஆற்றலின் அலகு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம் அலுவலகக் குறிப்புகளிலும் காணப்படுவது வருந்தத்தக்கது.)

மின்மாற்றியின் கொள்ளளவு கிலோவாட்டில் அல்லாமல் கிலோவோல்ட்-ஆம்பியரில் குறிக்கப்படுகிறது. மோட்டாரின் திறன்காரணி 0.8 எனில், மேற்கூறிய 4.66 கிலோவாட்டுக்கு 5.83 கிலோவோல்ட்-ஆம்பியர் தேவை. 25 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியை 3.73-ஆல் வகுத்து ஆறு பம்புகளை இணைத்தால், அது தாங்காது. பயிருக்கு நீர் மிகவும் தேவைப்படும் வேளையில் சுருள் எரிந்துபோகும். முழுப் பளுவில் அது தாங்கக் கூடியவை நான்கே. உரிய மின்தேக்கியைப் பொருத்தித் திறன்காரணியை 0.95-ஆக உயர்த்தினால், அதே மின்மாற்றியில் ஐந்தாவது பம்புக்கும் இடமுண்டு.