மலைக் கிராமங்களின் கவுன்ஸில் தேர்தல்: கிளாருஸ் காண்டனின் அநுபவம்

கிராமத் தேர்தல் என்றவுடன் அபேட்சகர் பலர் போட்டியிடுவதும், அதன் காரணமாகக் கட்சிகளும் மனஸ்தாபங்களும் உண்டாவதுமே பெருங்கஷ்டமென்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதனினும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. போட்டியிட ஒருவரும் முன்வராமையே அது. கவுன்ஸிலில் ஐந்து ஸ்தானங்கள் இருந்து, அவ்வைந்திற்கும் ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பதே அரிதாயின், அவ்வூரில் தேர்தல் என்பது பெயரளவில்தான் நடைபெறும். வாக்காளர் தெரிந்தெடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. தவறு செய்த அங்கத்தினரை விலக்கி வேறொருவரை அமர்த்தவும் வழியில்லை. ஜனத்தொகை சொற்பமான மலைநாடுகளில் இக்கஷ்டம் அடிக்கடி நேரிடுகிறது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தைச் சேர்ந்த கிளாருஸ் என்னும் சிறு காண்டனில் இது எவ்வாறு தோன்றியது, அந்நாட்டார் அதற்கு என்ன பரிகாரம் கண்டனர், அப்பரிகாரத்தால் எதை அடைந்து எதை இழந்தனர் என்பவை கிராம நிர்வாகத்தில் சிரத்தையுள்ள யாவரும் அறியத்தக்கவை.

நாடும் ஜனங்களும்

ஸ்விட்ஸர்லாந்து 26 காண்டன்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காண்டன் என்பது தனக்கென அரசியல் சட்டமும் சர்க்காரும் உடைய ஒரு மாகாணம் எனலாம். அவற்றுள் கிளாருஸ் மிகச் சிறியவற்றில் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 685 சதுர கிலோமீட்டர்; ஜனத்தொகை சுமார் 40,000. லிந்த் நதியின் பள்ளத்தாக்கும், அதனோடு வந்து சேரும் ஸெர்ன்ஃப் நதியின் பள்ளத்தாக்குமே ஜனங்கள் நெருங்கி வசிக்கும் இடங்கள். மற்றவை செங்குத்தான மலைகளும் மேய்ச்சல் நிலங்களுமாம். தெற்கெல்லையில் நிற்கும் டோடி சிகரம் 3,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ளது. ஸெர்ன்ஃப் பள்ளத்தாக்கின் கோடியில் எல்ம் கிராமம் இருக்கிறது. பிரவுன்வால்ட் என்னும் ஊர் மலைச்சரிவில் மிக உயரத்தில் அமைந்தது. பொதுப் போக்குவரத்துக்கான மோட்டார்ப் பாதை அங்கே கிடையாது. 1907-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட இழுவை ரயிலே ஊரைக் கீழுலகத்தோடு சேர்த்து வைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கு பஞ்சு நூற்பிலும் துணியில் அச்சடிக்கும் தொழிலிலும் பேர்பெற்று விளங்கிற்று. ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வரையறுத்து 1864-ம் ஆண்டிலேயே சட்டம் செய்த பெருமை இச்சிறு நாட்டுக்கு உரியது. பிற்காலத்தில் அத்தொழில் க்ஷீணித்தது. வாலிபர் பலர் படிப்பையும் உத்தியோகத்தையும் நாடி ஜூரிச் முதலிய நகரங்களுக்குச் சென்றனர். மேட்டுக் கிராமங்களில் வயோதிகர் தொகை விகிதத்தில் அதிகரித்தது.

பழைய நிர்வாக முறை

2010-ம் ஆண்டு முடிய இக்காண்டனில் 25 கிராம ஸ்தாபனங்கள் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் தனிக் கவுன்ஸிலும், தனி வரியும், தனிக் கணக்கும் உண்டு. அவற்றில் சில ஊர்களின் ஜனத்தொகை சில நூறு பேருக்கு மேற்படாது. இவையன்றி, பள்ளிக்கூட நிர்வாகத்திற்கும், வறியோர் உதவிக்கும், ஊர்ப் பொதுச் சொத்தின் பரிபாலனத்திற்கும் பல இடங்களில் தனித்தனி ஸ்தாபனங்கள் இருந்துவந்தன. ஒரே ஊரில் வெவ்வேறு சபைகள். ஒவ்வொன்றிற்கும் அங்கத்தினர், தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார், கணக்குப் பரிசோதகர்.

இப்பதவிகள் பெரும்பாலும் முழுநேர உத்தியோகங்கள் அல்ல. பகலில் மாடு மேய்ப்பவரும், தச்சரும், ஆசிரியரும், கடைக்காரரும் மாலை வேளையில் கூடி ஊர்க் காரியங்களைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம். குடிமகன் தன் தொழிலோடு பொதுத் தொண்டையும் சுமப்பதே அந்நாட்டு மரபு. அம்மரபு நன்றே, ஆயினும் அச்சுமை நாளடைவில் பெருகிவிட்டது. குடிநீர், கழிவுநீர், காட்டுப் பாதுகாப்பு, பனிச்சரிவைத் தடுக்கும் அரண்கள், கட்டட அநுமதி ஆகிய ஒவ்வொன்றிற்கும் விரிவான சட்டங்கள் ஏற்பட்டன. அவற்றைப் படித்தறிந்து முடிவு செய்வதற்கு ஓய்வும் பயிற்சியும் வேண்டும்.

அபேட்சகர் கிடையாமையின் காரணங்கள்

இத்தகைய ஊர்களில் அபேட்சகர் கிடையாமைக்கு ஜனங்களின் அசிரத்தையே காரணமென்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. முதலாவது, ஊர் சிறுத்தாலும் வேலை சிறுக்கவில்லை. இருநூறு பேர் வசிக்கும் ஊருக்கும் இரண்டாயிரம் பேர் வசிக்கும் ஊருக்கும் சட்டம் விதிக்கும் கடமைகள் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவது, நெருங்கிய உறவினர் ஒரே கவுன்ஸிலில் அமரலாகாது என்பது ஸ்விட்ஸர்லாந்தில் பொதுவாக அநுசரிக்கப்படும் விதி. பாரபட்சத்தைத் தடுக்கும் அவ்விதி, பாதி ஊர் உறவினராய் இருக்கும் இடத்தில் தகுதியுள்ளோர் தொகையை மேலும் குறைத்துவிடுகிறது. மூன்றாவது, சிறிய ஊரில் ஒவ்வொரு தீர்மானமும் அண்டை வீட்டாரைப் பாதிக்கும். ஒருவருக்குக் கட்டட அநுமதி மறுத்த அங்கத்தினர், மறுநாள் காலை அவரையே பால் பண்ணையிலோ கோயிலிலோ சந்திக்க நேரிடும். இவ்விரோதத்திற்கு அஞ்சியே தகுதி வாய்ந்தோர் பலர் ஒதுங்கி நிற்பர்.

கட்டாயத்தினால் இக்குறையைத் தீர்க்கலாமோ என்னும் கேள்வி எழலாம். கிளாருஸை அடுத்துள்ள ஊரி காண்டனில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியை ஏற்றே தீரவேண்டும் என்னும் பழைய விதி உண்டு. எனினும் அக்காண்டனில் ஏரிக்கும் மலைக்கும் இடையே இருநூறு பேரினும் குறைந்த ஜனத்தொகையுடன் இருந்த பவென் கிராமம், தனி ஸ்தாபனமாக நிலைத்திருக்க இயலாமல், 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி அண்டை ஊராகிய ஸேடார்ஃபுடன் சேர்க்கப்பட்டது. கட்டாயத்தால் நாற்காலியை நிரப்பலாம். ஊரில் ஆளைப் பெருக்க முடியாது.

மகாஜன சபை

கிளாருஸில் இப்பிரச்னை தீர்க்கப்பட்ட விதத்தை அறிவதற்கு, லாண்ட்ஸ்கெமைண்ட என்னும் அந்நாட்டு மகாஜன சபையின் நடைமுறையை அறிதல் அவசியம். 1387-ம் ஆண்டு முதல் சரித்திரத்தில் காணப்படும் இச்சபை, வழக்கமாக ஆண்டுதோறும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை கிளாருஸ் நகரத்தின் திறந்த வெளியில் கூடுகிறது. வாக்குரிமையுள்ள குடிகள் வட்டமாக நிற்பர். ஆலோசனைக்குரிய விஷயங்கள் அடங்கிய புஸ்தகம் முன்னதாகவே அனுப்பப்படும். யாரும் மேடையேறிப் பேசலாம், சர்க்கார் கொணரும் மசோதாவுக்குத் திருத்தப் பிரேரணை கொடுக்கலாம், தள்ளிவிடும்படியும் கோரலாம். பின்னர் குடிகள் கை உயர்த்துவர். லாண்டம்மான் எனப்படும் தலைவர், உயர்ந்த கைகளை எண்ணாமல் கண்ணால் மதிப்பிட்டு முடிவு கூறுவார். ஐயம் நேர்ந்தால் சக அங்கத்தினர் சிலரைக் கலந்துகொள்வார். அவர் முடிவே இறுதியானது. பெண்டிருக்கு இச்சபையில் வாக்குரிமை 1971-ம் ஆண்டில்தான் அளிக்கப்பட்டது. 2007-ம் ஆண்டில் வாக்களிக்கும் வயது 16 ஆகக் குறைக்கப்பட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வாறு செய்த முதற் காண்டன் கிளாருஸே.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டங்களும் வரியும் செலவும் இச்சபையில் பகிரங்கமாகக் கை உயர்த்தித் தீர்மானிக்கப்படுகின்றன. காண்டன் மந்திரிகளை மட்டும் 1971-ம் ஆண்டு முதல் இரகசியச் சீட்டு மூலம் தேர்ந்தெடுத்து வருகின்றனர். இவ்வேற்றுமையில் நியாயம் உண்டு. ஒரு பாலத்திற்கு எதிராகக் கை உயர்த்துவதனால் பாலம் ஒருவரையும் பகைக்காது. ஒரு மனிதருக்கு எதிராக, அவரும் அவர் சுற்றத்தாரும் பார்த்திருக்கக் கை உயர்த்துவது எளிதன்று. அவர் கடன் கொடுத்தவராகவோ வேலை கொடுத்தவராகவோ இருப்பின் சொல்ல வேண்டியதில்லை.

2006-ம் ஆண்டின் தீர்மானம்

2006-ம் ஆண்டு மே மாதம் கூடிய சபையில், 25 கிராம ஸ்தாபனங்களைச் சேர்த்துப் பத்தாகக் குறைக்க வேண்டுமென்னும் மசோதா கொண்டுவரப்பட்டது. அப்போது சாதாரணக் குடிமகன் ஒருவர் எழுந்து, பத்தும் வேண்டாம், மூன்றே போதும் என்று திருத்தப் பிரேரணை கொடுத்தார். மந்திரிகளும் எதிர்பாராத அத்திருத்தத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. நூற்றாண்டுகளாக நிலவிய கிராம எல்லைகள் ஒரு பகற்பொழுதில் மாற்றப்பட்டன. வறியோர் உதவியின் பொறுப்பு காண்டன் சர்க்காருக்கு மாற்றப்படவும் அச்சபையே சம்மதித்தது.

இம்முடிவு பலருக்குத் திகைப்பைத் தந்தது. இத்தனை பெரிய மாறுதலை, கைகளைக் கண்ணால் மதிப்பிட்டு, அவகாசமின்றி முடிவு செய்தல் தகுமோ என்று ஆட்சேபித்தனர். அவர்களுக்கும் சட்டத்தில் வழி இருந்தது. போதிய வாக்காளர் கையொப்பமிட்டுக் கோரினால் விசேஷ மகாஜன சபை கூட்டப்பட வேண்டும். அவ்வாறே 2007-ம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ந் தேதி விசேஷ சபை கூடிற்று. ஒன்றரை ஆண்டுக் காலம் வீடுகளிலும் விடுதிகளிலும் விவாதித்த பின்னர் வந்த குடிகள், முந்தைய தீர்மானத்தைத் தெளிவான பெரும்பான்மையால் உறுதி செய்தனர். 2011-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் வட கிளாருஸ், கிளாருஸ், தென் கிளாருஸ் என்னும் மூன்று ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. எட்டு ஊர்கள் வடக்கிலும், நான்கு நடுவிலும், எல்ம், பிரவுன்வால்ட், லிந்தால், ஷ்வாண்டன் முதலிய பதின்மூன்று தெற்கிலும் சேர்ந்தன.

பலாபலன்

இவ்விணைப்பின் நன்மை வெளிப்படை. கவுன்ஸில் ஸ்தானங்களின் தொகை வெகுவாகக் குறைந்தது; அவற்றிற்கு ஆள் தேடும் பரப்போ விரிந்தது. பயிற்சி பெற்ற சிப்பந்திகளை நியமிக்கவும், பல ஊர்களுக்கும் பொதுவாகத் திட்டமிடவும் இயன்றது. மலைநாட்டில் இயற்கையின் உத்பாதங்கள் ஊரின் அளவு பார்த்து வருவதில்லை. எல்ம் கிராமத்தில் 1881-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கற்பலகைச் சுரங்கத்தின் மேலிருந்த மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஷ்வாண்டனில் மண் சரிந்து வீடுகள் அழிந்தபோது, குடிகளை வெளியேற்றிக் காப்பதும் அவ்விடத்தின் எதிர்காலத்தை நிர்ணயிப்பதுமாகிய பொறுப்பு தென் கிளாருஸ் ஸ்தாபனத்தைச் சார்ந்தது. தனித்த ஒரு சிற்றூர்க் கவுன்ஸில் அப்பாரத்தைத் தாங்குவது கடினம்.

நஷ்டமும் உண்டு. தென் கிளாருஸின் பரப்பு ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை பதினாயிரத்திற்கும் குறைவு. ஏற்பட்ட காலத்தில் ஸ்விட்ஸர்லாந்து முழுவதிலும் பரப்பில் அதுவே மிகப் பெரிய ஸ்தாபனமாய் இருந்தது. முன்பு தெருவில் நின்று அங்கத்தினரிடம் குறை சொன்ன எல்ம் கிராமவாசி, இப்பொழுது பள்ளத்தாக்கில் இறங்கி வேறோர் ஊரிலுள்ள அலுவலகத்தை நாடவேண்டும். சில நூறு வாக்குகளே உடைய மேட்டூர், ஆயிரக்கணக்கான வாக்குகளினிடையே தன் ஆளைக் கவுன்ஸிலில் அமர்த்துவது நிச்சயமன்று. பள்ளிக்கூடத்தை மூடுவதா, பாதையைச் செப்பனிடுவதா என்னும் கேள்விகளில் மேட்டூராரின் தேவையைக் கீழூரார் முடிவு செய்யும் நிலை ஏற்படுகிறது. ஆள் கிடையாத குறை நீங்கி, குரல் எட்டாத குறை தோன்றிவிட்டது.

இக்குறைக்கு ஓரளவு பரிகாரமாக இருப்பது ஊர்க்கூட்டமே. வரவுசெலவுத் திட்டம், முக்கியச் செலவுகள் ஆகியவற்றை வாக்காளர் நேரில் கூடி முடிவு செய்யும் கூட்டம் இணைந்த ஸ்தாபனங்களிலும் நடைபெறுகிறது. வட கிளாருஸில் தொடக்கத்தில் அதற்குப் பதிலாகப் பிரதிநிதிகள் சபை ஒன்று அமைத்துப் பார்த்தனர். சில ஆண்டுகளில் குடிகளே அதை நீக்கி, நேரில் கூடும் முறைக்குத் திரும்பினர். கவுன்ஸில் தூரத்திலிருப்பினும், கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

கிளாருஸின் ஏற்பாடு எல்லா மலைநாடுகளுக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் தவறு. பாதையும் ரயிலும் நன்கமைந்த பள்ளத்தாக்கில் இயன்றது, நாட்கணக்கில் நடந்து செல்லவேண்டிய மலைகளில் இயலாது. ஆயினும் அதிலிருந்து தெளிவாகும் விஷயங்கள் சில உள. சிற்றூரில் அபேட்சகர் குறைந்தால், முதலில் பதவியின் சுமையை அளந்து பார்க்க வேண்டும். பிறகே குடிகளைக் குறை கூறலாம். சுமையைக் குறைக்கும் பொருட்டு ஊர்களைச் சேர்ப்பதாயின், அம்முடிவை அவ்வூரார் தாமே செய்யவேண்டும். மறு ஆலோசனைக்கும் இடம் இருக்கவேண்டும். கிளாருஸில் தோற்ற கட்சியார் புதிய ஏற்பாட்டிற்கு உட்பட்டதற்குக் காரணம், தம் வாதத்தை இருமுறை சபையில் சொல்லவும், இருமுறை கை உயர்த்தவும் அவர்களுக்கு வாய்ப்பு இருந்தமையே. சேர்த்த பின்னும், எட்டாத மேட்டூரின் குரல் எவ்வழியில் கவுன்ஸிலுக்குச் சென்றடையும் என்பதைத் தனியே ஆலோசித்து வகை செய்யவேண்டும். இதைக் கவனியாது எல்லையை மட்டும் அழித்தால், ஊர்க் காரியம் ஊராருடையது என்னும் எண்ணம் மெல்ல மறைந்துவிடும். அது மறைந்த ஊரில் எந்தத் தேர்தலுக்கும் அபேட்சகர் கிடைப்பது அரிது.