தாயின் நகம் கூறும் செய்தி

நெருங்கிய உறவைக் குறிக்க ‘நகமும் சதையும் போல’ என்பது தமிழ் வழக்கு. பழந்தமிழ் நூல்கள் நகத்தை ‘உகிர்’ என்று சுட்டும். உடலின் கடைக்கோடியில் இருப்பினும், உள்ளே நிகழும் மாற்றங்களை வெளியே காட்டும் தன்மை அதற்கு உண்டு. கி.பி. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் நகநோய்களுக்கும் இடம் அளித்துள்ளார்.

கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் தம் நகங்கள் முன்போல் இல்லை என்று கூறுவதுண்டு. சிலருக்கு அவை விரைந்து வளர்கின்றன. சிலருக்கு எளிதில் ஒடிகின்றன. சிலருக்குக் குறுக்கே பள்ளங்கள் தோன்றுகின்றன. ‘சுண்ணாம்புச்சத்துக் குறைவு’ என்பார் ஒருவர். ‘பிள்ளை சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது’ என்பார் மற்றொருவர். இம்மாற்றங்களுள் எவை இயல்பானவை, எவை கவனத்திற்குரியவை என்பதை ஈண்டுக் காண்போம்.

நகத்தின் வளர்ச்சி

நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேரில் அது உருவாகி, மெல்ல மெல்ல முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பெருவிரலின் அடியில் வெண்ணிறமாகத் தெரியும் நகப்பிறை, அவ்வேரின் வெளியே தெரியும் பகுதியேயாகும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் முழுவதும் புதிதாக வளர்ந்து முடிய ஆறு மாதங்கள் ஆகும். கால்விரல் நகத்திற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இவ்வுண்மையை மனத்தில் இருத்துதல் வேண்டும். இன்று நுனியில் ஒடியும் நகம் இன்று உருவானதன்று. சில மாதங்களுக்கு முன்னர் வேரில் உருவானது. எனவே, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் ஒரு தாய் காணும் நகக்குறை, அவள் கருக்காலத்தின் இறுதியையோ பேற்று நாளையோ பற்றிய செய்தியாகவும் இருக்கக்கூடும்.

கருக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும்

கருக்காலத்தில் பல பெண்களுக்கு நகம் வழக்கத்தைவிட விரைந்து வளரும். ஹார்மோன்களின் பெருக்கமும், மிகுதியான இரத்த ஓட்டமும் இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. சிலருக்கு நகம் மென்மையாகி ஒடிதல், நுனி படுக்கையினின்று விலகுதல், நுனியின் அடியில் தோல் தடித்தல், நெடுக்குவாட்டில் கருங்கோடுகள் தோன்றுதல் ஆகியவை நிகழ்வதுண்டு. பேற்றிற்குப் பின் ஹார்மோன்களின் அளவு சட்டென இறங்குகிறது. பாலூட்டும் காலத்தில் நகவளர்ச்சியின் வேகமும் குறைகிறது. இவற்றுள் பெரும்பாலானவை தாமே சீராகும்.

நகத்தின் மேலுள்ள வெண்புள்ளிகளைக் கண்டு சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று முடிவு செய்வது நம்மிடையே பரவியுள்ள தவறான எண்ணமாகும். நகத்தின் உறுதி புரதத்தால் அமைவது. அதில் சுண்ணாம்பின் பங்கு மிகச் சிறிது. வெண்புள்ளிகள் பெரும்பாலும் நகவேரில் பட்ட சிறு இடிபாடுகளின் அடையாளமே. ஆயினும், தாய்க்கும் சேய்க்கும் எலும்பு வலிமைக்குச் சுண்ணாம்புச்சத்து இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

குறுக்குப் பள்ளங்கள்

1846ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் போ என்பவர், கடுநோய்க்குப் பின் நகங்களில் தோன்றும் குறுக்குப் பள்ளங்களை விளக்கினார். இன்றும் அவை ‘போ கோடுகள்’ என்றே வழங்குகின்றன. கடுங்காய்ச்சல், பெரும் இரத்தப்போக்கு, கடினமான பேறு போன்றவற்றால் நகவேரின் பணி சில நாள்கள் தடைப்படும்போது இப்பள்ளம் உண்டாகிறது. நகத்தின் அடியிலிருந்து பள்ளம் 9 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பின், தடை நேர்ந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின என்று கணிக்கலாம். பல விரல்களில் ஒரே அளவில் தோன்றினால் காரணம் உடல் முழுவதையும் சார்ந்தது. ஒரே விரலில் தோன்றினால் அவ்விரலில் பட்ட அடியாக இருக்கலாம்.

இரத்தசோகை என்னும் மறைபகை

நகமாற்றங்களுள் நாம் பெரிதும் கருத வேண்டியது இரத்தசோகையாகும். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதாவது, இருவரில் ஒருவர். இரும்புச்சத்துக் குறையும்போது நகம் வெளிறும், எளிதில் ஒடியும், குறை நீடித்தால் நடுவில் குழிந்து கரண்டிபோல் வளையும். நகம் குழியும் வரை காத்திருத்தல் கூடாது. களைப்பு, மூச்சுவாங்கல், படபடப்பு ஆகியவற்றோடு நகமும் வெளிறியிருந்தால் உடனே இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைதல் பொதுவாக இரத்தசோகை எனப்படும்.

அரசின் திட்டப்படி, கருவுற்ற நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஓர் இரும்பு-போலிக் அமில மாத்திரை குறைந்தது 180 நாள்கள் வழங்கப்படுகிறது; பேற்றிற்குப் பின்னரும் 180 நாள்கள் தொடர வேண்டும். பிள்ளை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது என்று இடையில் கைவிடுவோரும் உளர். மலம் கறுத்தல் இம்மாத்திரையின் இயல்பே. மற்ற தொல்லைகளுக்கு மருத்துவரிடம் மாற்று வழி உண்டு. மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ சுண்ணாம்பு மாத்திரையுடனோ சேர்த்து உட்கொள்ளலாகாது. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்கனியும் இரும்பு உடலில் சேர உதவும்.

கீரை, பயறு, மீன், இறைச்சி ஆகியவை நல்லுணவுகளே. பேரீச்சம்பழமும் நன்றே, ஆயினும், முற்றிய இரத்தசோகையைப் பேரீச்சம்பழத்தால் மட்டும் தீர்க்க இயலாது. ஆட்டு ஈரலில் இரும்புச்சத்து மிகுதி. ஆனால், உயிர்ச்சத்து ‘ஏ’யும் மிக அதிகமாக இருத்தலின், கருக்காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் அதனை அடிக்கடி உண்ணுதல் தகாது.

பிற காரணங்கள்

பேற்றிற்குப் பின் வரும் ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியுறும். அதனால் நகம் உலர்ந்து ஒடியலாம். முடி உதிர்தல், சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியனவும் உடன் வரலாம். ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று இதனைப் புறந்தள்ளுதல் தவறு. எளிய இரத்தச் சோதனை உண்மையை உணர்த்தும்.

பச்சிளங்குழந்தையின் துணிகளையும் பாத்திரங்களையும் ஓயாது கழுவும் தாயின் நகங்கள் நனைந்து நனைந்து உலர்வதால் பிளவுபடும், நகச்சுற்றும் உண்டாகும். நகப்பூச்சை உளூவுக்காக அடிக்கடி அசிட்டோன் கொண்டு அகற்றுவதும் நகத்தை உலர்த்தும். கைகளைத் துடைத்து உலரவிட்டுச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுதலும், சலவையின்போது கையுறை அணிதலும் நற்பயன் தரும்.

மருதாணி பற்றியும் ஒரு சொல். பெருநாளுக்கும் திருமணத்திற்கும் இட்ட மருதாணிச் சிவப்பு நகத்தின் வெளிறலை மறைத்துவிடும். நகம் சிவந்திருப்பது கண்டு உடல்நலம் நன்று எனக் கொள்ளலாகாது; கண்ணிமையின் உட்புறத்தையும் நாவையும் மருத்துவர் பார்ப்பது இதனாலேயே. ‘கறுப்பு மருதாணி’ எனக் கடைகளில் விற்கப்படும் சில கலவைகளில் முடிச்சாய வேதிப்பொருள் கலந்திருப்பதால் தோல் கொப்புளிக்கும். கருவுற்றோர் அதனைத் தவிர்த்தல் நலம்.

மருத்துவரை நாட வேண்டிய தருணங்கள்

நகத்தைச் சுற்றிச் சீழும் வலியும் காணல், நகம் மஞ்சளாகித் தடித்தல், பல நகங்கள் படுக்கையினின்று விலகுதல், ஒரே நகத்தில் புதிய கருங்கோடு தோன்றி அகலுதல் ஆகியவை இருப்பின் காலம் தாழ்த்தலாகாது. பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைகளைக் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணுதல் கூடாது.

தூய்மையும் கடமையும்

நகம் களைதலை இயற்கைத் தூய்மைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நாற்பது நாள்களுக்கு மேல் நகத்தை வளரவிடலாகாது என்னும் வரையறை முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது. நாற்பது நாளில் நகம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். அழுக்குச் சேரவும் குழந்தையின் மென்தோலைக் கீறவும் அவ்வளவே போதும். ஆதலின், கைக்குழந்தை உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை களைதல் சிறப்பு.

தாயின் நலம் தாய் ஒருத்தியின் பொறுப்பன்று. பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையே பொறுப்பாளி என்பதைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் வலியுறுத்துகிறது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் ஒழிந்து, அவளுக்குரிய பங்கு முதலில் எடுத்துவைக்கப்படுதல் வேண்டும். அவள் மாத்திரை உண்டாளா, இரத்தம் சோதித்தாளா என்று கணவரும் மாமியாரும் கேட்டறிதல் வேண்டும். நகம் ஆறு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும். உடலில் குறைந்த இரத்தமோ நாம் கவனித்தால்தான் நிறையும்.