வானம்பாடியும் வெறுங்காணியும்

கொழும்புத்துறையிலிருந்து அரியாலைப் பக்கமாகச் செல்பவர்கள் கடல்நீரேரியை அண்டிய திறந்த வெளிகளைக் கண்டிருப்பார்கள். மாரியில் புல் தலைகாட்டும். கோடையில் மண் காய்ந்து கிடக்கும். பயிர் விளையாத இத்தகைய தரவைகளை 'வெறுங்காணி' என்று சொல்வது எமது வழக்கம்.

இப்படியான ஒரு வெளியில் சிரமதானம் செய்து மரம் நட வேண்டுமென இளைஞர் சிலர் என்னிடம் வந்தனர். நிலத்தைப் பார்க்கச் சென்றபோது காலடியிலிருந்து ஒரு குருவி எழுந்து பறந்தது. அங்கே மாட்டுக் குளம்படி அளவான குழியொன்றில் இரண்டு முட்டைகள் இருந்தன.

அதுவே சாம்பல்தலை வானம்பாடி. இந்திய உபகண்டத்துக்கே உரிய இப்பறவை இலங்கையில் உலர் வலயத்தில் வாழ்கிறது. நீளம் ஏறக்குறைய ஐந்து அங்குலம். ஆணுக்குச் சாம்பல் நிற உச்சி, கறுத்த வயிறு. பெண் மண்ணின் நிறம். ஆபத்து வந்தால் நிலத்தோடு பதுங்கிவிடும். இதன் விஞ்ஞானப் பெயரான 'எரெமோப்டெரிக்ஸ்' என்பதன் கிரேக்க வேர்ச்சொற்கள் பாலைவனத்தையும் சிறகையும் குறிப்பன.

ஆண் பறவை சிறகடித்து உயரே எழும். பின் சிறகை மடக்கிச் சீழ்க்கையொலியுடன் கீழ்நோக்கிப் பாயும். மீண்டும் எழும், மீண்டும் பாயும். ஈற்றில் ஒரு மண்கட்டியில் வந்தமரும். மரக்கிளையை இது நாடுவதில்லை. புல்விதையும் பூச்சியும் இதன் உணவு. நிலத்துக் குழியில் புல் பரப்பி, விளிம்பில் சிறு கற்களை வைத்துக் கூடு அமைக்கும். இரண்டு அல்லது மூன்று முட்டைகளை ஆணும் பெண்ணும் மாறி மாறி 13, 14 நாட்கள் அடைகாக்கும்.

மரம் நடுவது நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் திறந்த வெளியில் மரம் அடர்ந்தால் காகத்துக்கு இருக்கை கிடைக்கும்; வானம்பாடிக்கோ குடியிருப்பு இல்லாமற் போகும். ஆடு மாடுகளின் மேய்ச்சலும் குறையும். எனவே வீட்டு வளவு, வேலியோரம், தெருவோரம் ஆகியவற்றில் மரம் நடுவோம். தரவையைத் தரவையாகவே விடுவோம். உழவு இயந்திரத்தை இறக்குமுன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்ப்போம். கூடு தென்பட்டால் அவ்விடத்தை ஒரு மாதம் விட்டுவைத்தால் போதும்.

அந்த இளைஞர்கள் பனம்விதைகளை ஒழுங்கையோரத்தில் நட்டார்கள். நிலத்தை அபிவிருத்தி செய்ய முன்வருவோர், அங்கே ஏற்கனவே குடியிருப்பவர் யார் என்று முதலில் கேட்கட்டும்.