பத்து வயதில் ஓர் ஊசி, பதினாறில் ஓர் ஊசி

வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கம் குறித்த பேச்சு வட சென்னையின் வியாசர்பாடியில் எழும்போதெல்லாம், அது சோதனை, பறிமுதல், கைது என்று காவல் துறையின் மொழியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்த நடவடிக்கைகள் தேவையானவையே. ஆயினும் ஒரு சிறுவன் முதன்முறையாக மாவா என்ற புகையிலைக் கலவையின் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளுக்கும் அவன் பெயர் ஒரு வழக்கில் ஏறும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில ஆண்டுகளேனும் கழிகின்றன. அந்த இடைப்பட்ட காலத்தில் அவனிடம் அச்சமூட்டாமல் பேசக்கூடியவராக அவன் வீட்டு வாசலுக்கு வருபவர் யார் என்ற கேள்வியே நோய்த்தடுப்பின் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

பக்கிங்காம் கர்நாடிக் நெசவாலையின் சங்கொலியை நம்பி வாழ்ந்த தலைமுறை வியாசர்பாடியிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டதோடு நிலையான கூலியும் ஒழுங்கான வேலை நேரமும் பல குடும்பங்களின் கையைவிட்டுப் போயின. துறைமுகச் சுமை வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை, துப்புரவுப் பணி என்று தாயும் தந்தையும் விடியலிலேயே கிளம்பிவிடும் ஓரறை வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தெருவே கூடமாகிறது. இதைச் சொல்வது அந்தப் பகுதியின் மீது பழி சுமத்துவதாகாது. திரைப்படங்களும் செய்திகளும் வட சென்னையின் மீது ஒட்டிய ‘ரவுடிப் பேட்டை’ என்ற முத்திரையே, மகனின் பழக்கத்தைத் தாய் வெளியில் சொல்லாமல் மறைப்பதற்கு ஒரு காரணமாக இருக்கிறது.

இளையோரைச் சென்றடையும் பொருள்கள் ஒரே வகையினவல்ல. சீவல், புகையிலை, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கசக்கிச் செய்யும் மாவா, உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பையான ‘கூல் லிப்’ ஆகிய இரண்டும் வாசனை காட்டாமல் வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகின்றன. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2013 முதல் தடை விதித்துவந்திருந்தும், ‘கூல் லிப்’ மாணவரிடையே பரவியதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கவலையோடு விசாரிக்க வேண்டியிருந்தது. அடுத்தது, பஞ்சர் ஒட்டும் ‘சொல்யூஷன்’ போன்ற பசைகளை நுகர்வது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரே போதை வகை இதுவே என்று கண்டது: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, பத்து முதல் பதினேழு வயதினரில் 1.17 விழுக்காடு. இதயத் துடிப்பைக் குலைத்து, முதல் முறை நுகர்பவரையும் திடீரெனக் கொல்லக்கூடியது இது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத டேபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து ஊசியாகச் செலுத்திக்கொள்வது இன்னும் கொடியது. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையின் கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களை அடைக்கின்றன, ஒரே ஊசி கைமாறும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் உடன் வருகின்றன.

இத்தகைய ஆபத்து மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை காத்திராமல், மக்கள் வாழும் இடத்துக்கே சென்று உடல்நலம் காப்பதைச் சமுதாய சுகாதார செவிலியம் என்பர். அதன் வரலாற்றில் 1902ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. கண்நோயும் தோல்நோயும் கண்ட ஏழைப் பிள்ளைகளை நியூயார்க் பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பிவிட, அவர்கள் சிகிச்சையின்றித் தெருவில் திரிந்தனர். அப்போது லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியர் பள்ளியிலும் வீட்டிலும் அவர்களுக்கு மருந்திட்டுப் பாடம் கேட்கத் திரும்ப அனுப்பினார். பள்ளியின் வேலை வெளியேற்றுவதாக இருந்தபோது செவிலியரின் வேலை திரும்ப அழைத்து வருவதாக இருந்தது. மாவாவுடன் பிடிபட்ட மாணவனை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளி, அவனை விற்பவனிடமே ஒப்படைக்கிறது என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சியில் இந்தப் பணிக்கு உரியவர் நகர்ப்புற சுகாதார செவிலியர். தெருவில் அவர் ‘சிஸ்டர்’ அல்லது ‘நர்ஸம்மா’. கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிவது முதல் குழந்தையின் தடுப்பூசி அட்டையை நிரப்புவது வரை அவர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஐந்து வயதுத் தடுப்பூசியோடு அந்த உறவு தளர்கிறது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், கருவுறும்போது மீண்டும் பதிவேட்டுக்கு வருகிறாள். ஆணாக இருந்தால் ஏறத்தாழ மறைந்தே போகிறான். ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களுக்கு எதிரான ‘டிடி’ ஊசி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடப்பட வேண்டும். போதைப் பழக்கம் தொடங்கத்தக்க பருவத்தின் இரு கரைகளிலும் செவிலியருக்கும் பிள்ளைக்கும் அட்டவணைப்படியே ஒரு சந்திப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வயது ஊசி பெரும்பாலும் பள்ளியிலேயே போடப்படுவதால், அதைத் தவறவிட்டவர்களின் பட்டியல் பள்ளியை விட்டு நின்றவர்களை நெருங்கிக் காட்டும் பட்டியலும் ஆகும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு தேடிச் செல்வதற்குப் புதிய திட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.

அந்தச் சந்திப்பில் என்ன பேசுவது? உபதேசம் பயன் தருவதில்லை. அமெரிக்காவில் 1983 முதல் காவலர்கள் வகுப்பறைக்குச் சென்று நடத்திய பிரச்சாரம் மாணவரின் பழக்கத்தைக் குறைக்கவில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ‘கிராஃப்ட்’ வினாத்தொகுப்பில் ஆறே கேள்விகள் உள்ளன: போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் சென்றதுண்டா, தனியே இருக்கும்போது பயன்படுத்தியதுண்டா, குறைத்துக்கொள்ளும்படி வீட்டாரோ நண்பரோ சொன்னதுண்டா என்பன போன்றவை அவை. விடையைக் கேட்டபின், தானே மாறுவதற்கான காரணத்தை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைக்கும் உரையாடலை ஊக்க நேர்காணல் என்பர். பத்து நிமிடம் போதும். ஆனால் அது ரகசியமாக இருக்க வேண்டும், காவல் நிலையத்துக்குச் செல்லும் தகவலாக ஒருபோதும் ஆகக் கூடாது.

வியாசர்பாடியிடம் மற்றொரு வளமும் உண்டு, அது கால்பந்து. விளையாட்டு போதையை விலக்க உதவும் என்பதற்கு ஐஸ்லாந்து ஒரு சான்று: அங்கே 15, 16 வயதினருள் கடந்த ஒரு மாதத்தில் குடித்து வெறித்தோர் 1998இல் 42 விழுக்காடு. விளையாட்டு மன்றங்களுக்கு அரசு பணம் தந்து, பெற்றோரின் மாலை நேரத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டுக்கொடுத்தபின் 2016இல் அது 5 விழுக்காடு. அவ்வளவு பெரிய செலவோடு அங்கே கட்டியெழுப்பியதன் விதையை, முல்லை நகர் மைதானத்தில் மாலைதோறும் பந்து உதைக்கும் பிள்ளைகளோடு வியாசர்பாடி பல்லாண்டுகளாகத் தானாகவே காத்துவருகிறது. செவிலியரின் பரிந்துரைச் சீட்டு மனநலப் பிரிவுக்கு மட்டுமல்லாமல் பயிற்சியாளரிடமும் செல்லட்டும்.

பழக்கம் முற்றியவர்களுக்கு 1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், 1980 முதல் அடையாற்றில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையும், 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘கலங்கரை’ மையங்களும் இருக்கின்றன. போதைக்கு ஆட்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குப் பெறப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. சிறுவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. சட்டம் தண்டிக்க விரும்புவது விற்பவரை.

இப்போதே தலைக்கு மேல் வேலை சுமக்கும் நகர்ப்புற சுகாதார செவிலியர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இந்தப் பொறுப்பையும் அவர்கள் மீது ஏற்றுவது அநீதி என்பதை மாநகராட்சி உணர வேண்டும். மகனின் சட்டைப் பையில் பொட்டலத்தையோ ஊசியையோ காண நேரும் தாய்மார் அதைத் தமக்குள்ளேயே புதைத்துக்கொள்ள வேண்டாம். தெருவுக்கு வரும் சிஸ்டரிடம் சொல்லலாம், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.