வாடகை முகவரிக்காரரை எப்படி நம்புவது?

நம்ம ஊர் சிவப்புத் தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். "நீ யாரு?" என்று பெட்டி கேட்காது. ஆனால் தபால்தலை ஒட்டணுமே! அதனால் யாரும் லட்சம் கடிதம் போட்டு விளையாட மாட்டார்கள். இமெயிலுக்குத் தபால்தலை கிடையாது. வம்பே அங்கேதான்.

இமெயிலை வாங்கிப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பும் கம்ப்யூட்டருக்கு மெயில் சர்வர் என்று பெயர். அதற்கான விதி எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் என்பவர் அதை 1982-இல் எழுதினார். அப்போது வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் கடிதம் கொடுப்பவரிடம் பாஸ்வேர்டு கேட்கும் வழியே அந்த விதியில் இல்லை. பிறகு விளம்பரக்காரர்களும் ஏமாற்றுக்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரான் சர்வர் வழியாகக் குப்பைக் கடிதங்களை லட்சக்கணக்கில் தள்ளினார்கள். அப்படிச் சிக்கிய சர்வர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அதே சர்வரிலிருந்து ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினாலும் திரும்பி வந்துவிடும். தப்பு செய்தது ஒருத்தர், தண்டனை வேறொருத்தருக்கு!

சரி, எப்படித் தடுப்பது? வலையில் சேரும் கம்ப்யூட்டருக்கு ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. "இந்த எண்களிலிருந்து வந்தால் வாங்கு, மற்றவர்களை விரட்டு" என்று சர்வருக்குச் சொல்லி வைக்கலாம். ஓர் அலுவலகத்துக்குள்ளே இது போதும். வீட்டில் இருப்பவருக்கு? பழைய வகை எண்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான். எல்லாருக்கும் சொந்தமாகக் கொடுக்க முடியாது. அதனால் இணைப்புக் கம்பெனி வாடகைக்கு விடுகிறது. இன்னைக்கு ஓர் எண், நாளைக்கு வேறு எண். நேற்று உங்களிடம் இருந்தது இன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கும்.

இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். வந்த கடிதத்தை எடுக்க முன்பே பாஸ்வேர்டு உண்டு. அந்த விதியின் பெயர் பாப். முதலில் பாஸ்வேர்டு கொடுத்து உன் கடிதங்களை எடு. சர்வர் உன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் போல அனுப்பும் கதவைத் திறந்து வைக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் பொருட்காட்சியில் கையில் குத்தும் முத்திரையை, கையில் குத்தாமல் நாற்காலியில் குத்தினால் எப்படி? நீங்கள் எழுந்து போனதும் அடுத்து உட்காருபவர் உரிமைக்காரர் ஆகிவிடுவார்! பிரவுசிங் சென்டரில் இன்னும் மோசம். அங்கே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே எண்தான். ஒருவர் பாஸ்வேர்டு கொடுத்தால் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கதவு திறந்துவிடும்.

நல்ல வழி 1999-இல் வந்தது. அனுப்பும்போதே பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை. எண் எதுவானால் என்ன, ஆள் சரியா என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய வருடமே ஆட்கள் கடிதம் கொடுக்க 587 என்று ஒரு தனி வாசல் ஒதுக்கியிருந்தார்கள். பழைய 25-ஆம் வாசல் சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள. இதனால்தான் பல இணைப்புக் கம்பெனிகள் வீட்டிலிருந்து 25-க்குப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன.

இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாஸ்வேர்டு வழியில் சும்மா போனால் யாராவது படித்துவிடலாம். ஆகவே டி.எல்.எஸ். என்ற பூட்டு போட்ட பிறகே அதைக் கேட்க வேண்டும். அப்படியும் திருடு போனால்? தினமும் பத்துக் கடிதம் அனுப்புகிற ஆள் திடீரென்று ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் அனுப்பினால், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் கதவைச் சாத்தும்படி சர்வரை அமைத்து வைக்கிறார்கள்.